உரத்தை மீட்டுத் தரும் புரதம்

மலாக்கா மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களில், கிழமரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவுக்கு நிலத்தைத் தயார் செய்யும் காலம் வந்ததும், ஸ்டோரில் வந்திறங்கும் சாக்குகளுள் ஒரு வகை பழுப்பு நிறக் கல்தூள் நிறைந்ததாக இருக்கும். அதை வாளியில் அள்ளி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தலைக்குக் கட்டிய துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, குழிக்கு ஒரு டின் வீதம் இட்டபடியே உரம் போடும் பெண்கள் நிரை பிடித்துப் போவார்கள். கன்றுகளுக்கிடையே மண்ணை மூடும்படி படரவிட்ட பயற்றினக் கொடிகளுக்கும் அந்தத் தூளே ஆகாரம். ஜாவாவுக்குத் தெற்கே இந்து மகாசமுத்திரத்தில் தனித்துக் கிடக்கும் கிறிஸ்மஸ் தீவில் வெட்டியெடுத்த பாஸ்பேட் பாறை அது. 1888இல் பிரிட்டிஷார் தமதாக்கிக்கொண்ட அத்தீவில், 1897இல் ஜான் மர்ரேயும் ஜார்ஜ் குளூனிஸ்-ராஸும் கூடி ஒரு பாஸ்பேட் கம்பெனியை ஸ்தாபித்தார்கள். 1900இல் தீவின் நிர்வாகம் சிங்கப்பூருடன் இணைக்கப்பட்டது. ஆகவே, சிங்கப்பூரோடு, பாறை கிடந்த தீவும் அது போய்ச் சேர்ந்த மலாக்காத் தோட்டமும் நெடுநாள் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. 1958இல் தீவு ஆஸ்திரேலியாவின் கைக்கு மாறிய பிறகும் அந்த உரம் மலாயாவுக்கு வருவது நின்றுவிடவில்லை.

இவ்வாறு கப்பலேற்றிக் கொண்டுவந்து, காசு கொடுத்து வாங்கி, குழியில் இட்ட பாஸ்பேட் எங்கே போயிற்று என்று கேட்பவர் அபூர்வம். ஒரு பகுதி மரத்தில் ஏறியது. பெரும்பகுதியை, இரும்புச்சத்து மிகுந்த நம் செம்மண் தன்னோடு இறுகப் பற்றிக்கொண்டது. ஆனால் அடைமழையில் மண்ணே கரைந்து ஓடும்போது, மண்ணைப் பற்றிய பாஸ்பேட்டும் அதனோடு ஓடத்தான் செய்யும். இதற்கு மேல், நாம் உண்ணும் சோற்றிலும் பருப்பிலும் மீனிலும் உள்ள பாஸ்பரஸ், உடலுக்கு வேண்டியது போக மிச்சமெல்லாம் மலஜலமாக வெளியேறிச் சாக்கடை வழியே ஆற்றை அடைகிறது. 1669இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி, பொன் கிடைக்கும் என்ற ஆசையில் மனித மூத்திரத்தைப் பானை பானையாகக் காய்ச்சியபோது, இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸை முதன்முதலில் கண்டான் என்பது வெறும் வேடிக்கைக் கதையன்று. ஊர்ச் சாக்கடையில் அந்தத் தாது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதற்கு அதுவே பிரமாணம். ஓர் ஆள் நாள் ஒன்றுக்குக் கழிக்கும் பாஸ்பரஸ் சுமார் ஒன்றரை கிராம். அலோர் காஜா வட்டாரத்தில் சிற்றாறுகள் கூடி உருப்பெற்று, தோட்டங்களையும் கம்பங்களையும் பட்டணத்தையும் கடந்து, தெங்கேராப் பகுதிக்குக் கிழக்கே நீரிணையில் கலக்கும் மலாக்கா ஆறு, இப்படிப்பட்ட கணக்கில்லாத சிறு சிறு வரவுகளைச் சுமந்துகொண்டுதான் கடலுக்குப் போகிறது.

ஆற்றிலும் கடலிலும் கலந்தால் என்ன, உரம்தானே, விஷமா என்று கேட்கலாம். விஷமல்ல, அதிகமான ஆகாரம் என்பதே அதன் தோஷம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரியை, டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு 1973இல் நடுவே திரை கட்டி இரண்டாகத் தடுத்தது. ஒரு பாதிக்குக் கரிச்சத்தும் நைட்ரஜனும், மறு பாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும் இடப்பட்டன. பாஸ்பரஸ் சேர்ந்த பாதி முழுவதும் பாசி பூத்துப் பச்சையாகிவிட, மற்றப் பாதி தெளிந்தே இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, நன்னீர் நிலைகளைக் கெடுப்பதில் முதற்காரணம் எது என்று வாதிட்டவர்கள் பலர் வாயடைத்துப் போனார்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் மூன்று பங்கு பாஸ்பரஸ் இருந்தாலே ஏரி கெடத் தொடங்குகிறது. பாசி செழித்து, மடிந்து, அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் சாகின்றன; சில பாசிகள் நஞ்சையும் கக்குகின்றன. மலேசியாவின் தேசிய நீரியல் ஆராய்ச்சிக் கழகம் 2005இல் நாட்டின் 90 ஏரிகளையும் நீர்த்தேக்கங்களையும் பற்றிய தகவல்களைத் திரட்டி ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 62 பங்கு இவ்வாறு ஊட்டம் மிகுந்து கெட்டவை என்று தெரியவந்தது.

மலாக்காக்காரர்களுக்கு நீர்த்தேக்கத்தின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1991இல் டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வறண்டு, மாதக்கணக்கில் தண்ணீரைப் பங்கிட்டு விட்ட நாட்களை, வாளியும் டிரம்முமாக லாரிக்குக் காத்து நின்ற தலைமுறை இன்னும் மறக்கவில்லை. நீர் குறையும்போது அதில் கரைந்துள்ள ஊட்டம் குறைவதில்லை. தேங்கிய சிறு நீரில் அதன் செறிவு ஏறும். ஆகவே, பெரிய ஆறுகள் இல்லாத, சிறு தேக்கங்களை நம்பி வாழும் மாநிலத்துக்கு இந்த விஷயத்தில் மற்றவர்களைவிடக் கவலை சற்று அதிகம் இருப்பதே நியாயம்.

பாஸ்பேட்டை நீரிலிருந்து பிரிக்கும் வழிகள் முன்பே உண்டு. படிகாரத்தையோ இரும்பு உப்பையோ கலந்தால் அது சேறாகப் படியும். சில பாக்டீரியாக்களைப் பட்டினி போட்டும் ஊட்டியும் பழக்கினால் அவை பாஸ்பேட்டைத் தம் உடலில் பதுக்கிக்கொள்ளும். மக்னீசியமும் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் தக்க விகிதத்தில் கூடினால் ஸ்ட்ருவைட் என்னும் வெண்ணிறப் படிக உப்பாகத் தானே இறுகி அடியில் தங்கும். இந்தக் கடைசி உப்பு நம் தோட்டத்துக்குப் புதிதன்று. ரப்பர்ப் பாலைச் சுழற்றிக் கெட்டியாக்கும் ஆலைகளில், பாலில் இயல்பாக உள்ள மக்னீசியத்தை நீக்குவதற்காக அம்மோனியம் பாஸ்பேட் உப்பைக் கலந்து வைப்பது நெடுநாளைய வழக்கம். தொட்டியின் அடியில் மறுநாள் படிந்து கிடக்கும் வண்டலில் பெரும்பகுதி இந்த உப்பே. மேலை நாட்டுச் சாக்கடை நிலையங்கள் குறிப்பான கருவிகள் அமைத்துத் திரட்டி, மணி மணியாக உருட்டி உரமென்று விற்கும் பதார்த்தம், நம் பால் ஆலைகளில் தொந்தரவென்று சுரண்டி வாரப்பட்டு வந்தது! இருந்தாலும் இந்த முறைகள் யாவற்றுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. பாஸ்பேட் செறிந்த நீரில்தான் அவை திறமையாக வேலை செய்யும். நீர் ஐதாக ஐதாக, அவற்றின் பிடி தளர்ந்துபோகும். படிகாரத்தைக் கூடுதலாகக் கொட்டினால் ஓரளவு தாழ்த்தலாம். ஆனால் அப்போது சேறு மலையாய்க் குவிவதோடு, அதில் சிக்கிய பாஸ்பேட்டைப் பயிர் எளிதில் எடுக்கவும் முடியாது. ஐதான நீரிலிருந்து கடைசித் துளியையும் எடுக்கவேண்டும், எடுத்ததைத் திரும்பக் கொடுக்கவும் வேண்டும்: இந்த இரண்டையும் ஒருங்கே செய்யக்கூடியது எது?

பாக்டீரியா செய்கிறது, கோடானுகோடி ஆண்டுகளாக. நம் குடலில் வாழும் எஷெரிசியா கோலி என்ற சாதாரணக் கிருமிகூட, பாஸ்பேட்டுக்குப் பஞ்சம் வந்துவிட்டது என்று அறிந்த மாத்திரத்தில், தன் வெளிச்சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் இடைப்பட்ட குறுகிய வெளியில் ஒரு விசேஷப் புரதத்தை ஏராளமாகச் சுரந்து வைக்கிறது. இரண்டு மடல்களும் அவற்றை இணைக்கும் ஒரு கீலும் உடையது அந்தப் புரதம். ஒரு பாஸ்பேட் அயனி வழிதவறி நடுவே வந்ததும், இரு மடல்களும் கும்பிடும் கைகளைப்போல் கூடி அதை உள்ளே அடக்கிக்கொள்கின்றன. பிறகு உட்சவ்விலுள்ள வாயிலில் அதை ஒப்படைத்துவிட்டு, மீண்டும் திறந்துகொண்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு என்ற அளவுக்கு நீர் ஐதாகிவிட்டாலும் இந்தப் பிடி விடுவதில்லை.

பிடிப்பதைவிட ஆச்சரியமானது, எதைப் பிடிப்பது என்ற விவேகம். இயற்கை நீரில் பாஸ்பேட்டைக் காட்டிலும் சல்பேட் பன்மடங்கு மிகுதி. உருவத்திலோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, நடுவில் ஓர் அணு, அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன். சாதாரண ரெசின் வடிகட்டிகள் இந்த இரண்டையும் சரியாகப் பிரித்தறியமாட்டாமல் தடுமாறுவதால், வேண்டாத சல்பேட்டாலேயே அவை சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. புரதம் ஏமாறுவதில்லை. அதன் ரகசியத்தை 1990இல் ஹார்ட்மூட் லூக்கே, புளோராண்டே கியோச்சோ ஆகிய இரு விஞ்ஞானிகள் எக்ஸ்ரே படங்களின் மூலம் வெளிப்படுத்தினார்கள். புரதத்தின் பையில் அயனி பன்னிரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் தாங்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று, எதிர் மின்னேற்றம் கொண்ட அஸ்பார்டிக் அமிலத்தின் பக்கம். பாஸ்பேட்டிடம் கொடுப்பதற்கு ஒரு ஹைட்ரஜன் உண்டு. ஆகவே அது அங்கே பொருந்தி அமர்கிறது. சாதாரண நீரில் சல்பேட்டிடம் ஹைட்ரஜன் இல்லை. ஆகவே எதிர் மின்னேற்றம் எதிர் மின்னேற்றத்தைத் தள்ள, வந்த வழியே போய்விடுகிறது. ஒரே ஒரு ஹைட்ரஜனை வைத்து இவ்வளவு பெரிய தீர்ப்பு!

ஆர்சனிக் அடங்கிய ஆர்சனேட் அயனி சல்பேட்டைவிடச் சூதானது. அதற்கு ஹைட்ரஜனும் உண்டு, பருமனும் சற்றே அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம். கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் ஆர்சனிக்கை உடலிலேயே சேர்த்துக்கொண்டு வாழும் கிருமி ஒன்று அகப்பட்டதாக 2010இல் பெரும் ஆரவாரம் எழுந்தது. அது சரியன்று என்று பிறகு விளங்கிற்று. ஆனால் அந்த ஆரவாரத்தினால் ஒரு நன்மையும் விளைந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் டான் டாஃபிக் என்பவரின் குழு 2012இல் அதே கிருமியின் பாஸ்பேட் புரதங்களைச் சோதித்தபோது, அவற்றுள் ஒன்று ஆர்சனேட்டைவிடப் பாஸ்பேட்டை ஏறத்தாழ 4,500 மடங்கு விரும்பித் தேர்கிறது என்று கண்டது. பெருத்த ஆர்சனேட் உள்ளே வந்து அமரும்போது அந்த ஒற்றை ஹைட்ரஜன் பிணைப்பின் கோணம் சிறிது திரும்பிவிடுகிறதாம்; அந்தச் சிறு கோணல் போதும், புரதம் அதைத் தள்ளிவிட.

இத்தகைய புரதத்தைக் கிருமியிலிருந்து பிரித்து, ஓடும் நீரில் அடித்துச் செல்லப்படாதபடி எதனிலாவது கட்டிவைத்தால், அதையே வடிகட்டியாகப் பிரயோகிக்கலாம் அல்லவா? ஜப்பானில் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்து அகியோ குரோடா, ஹிசாவோ ஓட்டாக்கே முதலியோர் 2000ஆம் ஆண்டளவிலேயே இந்த யோசனையைச் சோதித்துப் பார்த்தார்கள். அதை விரிவாக எடுத்துச் சென்றவர்கள் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து மார்க்கெட் பல்கலைக்கழகத்தினர். சாக்கடைச் சேற்றையே உலர்த்தி 1926 முதல் உரமாக விற்றுவரும் நகரம் அது. ஆகவே அங்கே இப்படியொரு ஆராய்ச்சி முளைத்தது பொருத்தமே. கௌஷிக் வெங்கிடேஸ்வரன், எட்வின் ஆண்டனி, புரூக் மேயர் முதலியோர் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புரதம் கட்டப்பட்ட ஆதாரம் செபரோஸ் எனப்படும் சிறு மணிகள். அவை அகரோஸால் ஆனவை. அகரோஸ் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் அகாரின் சுத்திகரித்த பகுதி. தெங்கேராவில் பெருநாட்களுக்கு நிறம் நிறமாகக் காய்ச்சித் துண்டு போட்டு வைக்கும் அதே அகார் அகார்தான்! மணியின் மேற்பரப்பில் வினைத்திறனுள்ள ஒரு ரசாயனக் கொக்கியை முன்னரே பொருத்தியிருப்பார்கள். புரதக் கரைசலை ஊற்றியதும், புரதத்தின் மேலுள்ள அமீன் தொகுதிகள் அந்தக் கொக்கியில் நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும். மணிகளைக் குழாயில் நிரப்பி, பாஸ்பேட் கலந்த நீரை மேலிருந்து விட்டால், கீழே வருவது ஏறக்குறையப் பாஸ்பேட் நீங்கிய நீர்.

பிடித்ததை விடச் செய்வது எப்படி என்பதில்தான் அந்த ஒற்றை ஹைட்ரஜன் மறுபடியும் நமக்கு உதவுகிறது. சிறிது காரநீரை, பி.எச். பன்னிரண்டரையை ஒட்டிய அளவில், குழாயின் வழியே செலுத்தினால், பாஸ்பேட் தன் கடைசி ஹைட்ரஜனை இழந்துவிடும்; இழந்ததும் அதன் நிலை சல்பேட்டின் நிலையே ஆகி, பையில் இடமில்லாமல் வெளியேறும். பிறகு குழாயைச் சாதாரண நீரால் அலம்பினால் புரதம் மறுபடி வேலைக்குத் தயார். படிகாரச் சேற்றுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுவே: பாஸ்பேட் எதனோடும் கலந்து கெடாமல், சிறிதளவு நீரில் செறிந்து, சுத்தமாகக் கைக்கு வந்து சேருகிறது.

இவ்வளவும் கேட்டதும், நாளைக்கே மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்தில் இப்படி ஒரு குழாயை நட்டுவிடலாம் என்று உற்சாகப்படும் வாசகர் சற்றுப் பொறுக்க வேண்டும். புரதம் பெரிது, பாஸ்பேட் சிறிது. புரதத்தின் மூலக்கூறு எடை முப்பத்தைந்தாயிரத்தை ஒட்டியது. அது ஒரு தடவை பிடிப்பதோ ஒரே ஓர் அயனி. கணக்குப் போட்டால், ஒரு கிலோ சுத்தப் புரதம், அதில் ஒரு மூலக்கூறுகூடப் பழுதில்லாமல் வேலை செய்தாலும், ஒரு தடவையில் பிடிக்கும் பாஸ்பரஸ் ஒரு கிராமுக்கும் குறைவு. ஓர் ஆளின் ஒரு நாள் கழிவுக்கே அது காணாது. மணியில் கட்டும்போது சில புரதங்கள் வாய் மூடிய நிலையில் தலைகீழாக ஒட்டிக்கொள்வதும், காரநீரில் திரும்பத் திரும்பக் குளித்துச் சில சிதைவதும் கணக்கை இன்னும் குறைக்கும். கரிமப் பொருள்களுக்குள் சிக்கியுள்ள பாஸ்பரஸும், சங்கிலியாய்க் கோத்த பாஸ்பேட்டும் இந்தப் புரதத்தின் கண்ணில் படுவதே இல்லை. சாக்கடையில் மிதக்கும் கொழுப்பும் அழுக்கும் மணிகளின் நுண்துளைகளை அடைத்துவிடும். புரதத்தைத் தின்று வாழும் கிருமிகளுக்கும் ஆற்று நீரில் பஞ்சமில்லை.

ஆயினும் அதே கணக்கை வேறொரு பக்கம் திருப்பிப் பார்த்தால் அபிப்பிராயம் மாறிவிடும். லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ள சுத்திகரிக்காத சாக்கடை நீரை விட்டால், ஒரு கிலோ புரதம் நூற்றுப் பத்து லிட்டரோடு நிரம்பி நின்றுவிடுகிறது. முன்பே ஓரளவு சுத்தமாகி, லிட்டருக்குப் பத்தில் ஒரு மில்லிகிராம் மட்டும் மிஞ்சிய நீரை விட்டாலோ, அதே ஒரு கிலோ ஒன்பதாயிரம் லிட்டரைத் தாங்கும். மற்ற முறைகள் கைவிடும் இடத்திலேதான் இந்தப் புரதத்தின் வேலை தொடங்குகிறது. செறிந்த நீரை அதனிடம் கொண்டு போய்க் கொட்டுவது அதன் குணத்தை அறியாதவர் செய்யும் காரியம். செறிந்ததை ஸ்ட்ருவைட் முறையால் எடுப்பதும், மிஞ்சிய ஐதானதைப் புரதத்துக்கு விடுவதுமே முறையான வரிசை என்பது என் துணிபு.

மலேசியாவின் 2009ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிகளை எடுத்துக்கொண்டால், ஓட்டமில்லாத நீர்நிலையில் விடும் கழிவுநீரில் பாஸ்பரஸ், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே லிட்டருக்கு 5 மில்லிகிராமும், மற்ற இடங்களில் 10 மில்லிகிராமும் இருக்கலாம். ஏரி கெடத் தொடங்கும் அளவோடு இதை ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல் இடைவெளி தென்படும். நீர்த்தேக்கத்தில் மற்ற நீர் கலந்து ஐதாகும் என்ற நம்பிக்கையே இந்த விதிக்கு ஆதாரம் போலும். 1991ஐப் போன்ற ஒரு வறட்சியில் கலப்பதற்கு வேறு நீர் எங்கிருந்து வரும் என்பதை விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. விதி இறுகும் நாளில்தான் இப்படிப்பட்ட நுண்ணிய முறைகளுக்குத் தேவையும் பிறக்கும். அப்போதும் ஆற்று முகத்துவாரம் அதற்குரிய இடமல்ல; டுரியான் துங்கல் போன்ற தேக்கத்தில் போய்ச் சேரும் ஓடைகளும், அவற்றின் மேட்டிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களின் கடைசிக் குழாயுமே உரிய இடங்கள்.

காரநீரில் இறங்கிய பாஸ்பேட்டோடு மக்னீசியமும் அம்மோனியாவும் சேர்த்து, காரத்தைத் தக்கபடி தணித்தால், ரப்பர் ஆலைத் தொட்டியின் அடியில் கிடந்த அதே வெள்ளை உப்பு விழும். நீரில் மெதுவாகவே கரையும் உப்பாகையால், செம்பனைக் கன்றுகளைப் பிளாஸ்டிக் பைகளில் வளர்க்கும் நாற்றங்காலுக்கு அது ஏற்றது. ஒரே மழையில் அடித்துக்கொண்டு போகாது. ஆனால் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியார், அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கமாட்டார். சாக்கு என்ன விலை என்றுதான் கேட்பார். புரதத்தை ஆய்வகத்தில் கிருமிகளைக் கொண்டு விளைவித்து, சுத்திகரித்து, மணியில் கட்டும் செலவு இன்றைக்குள்ள நிலையில், கப்பலில் வரும் கல்தூளோடு போட்டி போட முடியாது. ஆகையால்தான் புரூக் மேயர் போன்ற ஆராய்ச்சியாளர்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களால் ஆன முழுப் புரதத்தை விட்டுவிட்டு, பாஸ்பேட்டைப் பற்றும் பகுதியை மாத்திரம் ஒத்த, பத்துக்கும் குறைந்த அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடுகளைச் செய்து பார்த்து வருகிறார்கள். சிறிதானால் ஒரு கிலோவில் அடங்கும் பிடிகள் பெருகும், காரநீரில் சிதைவதும் குறையும், இயந்திரத்தில் தொகுப்பதும் எளிது. ஆனால் இரண்டு மடல்களும் கூடி மூடிய அந்தப் பழைய விவேகத்தில் எவ்வளவு பங்கு சிறு துண்டிலும் மிஞ்சும் என்பதைப் பொறுத்தே கிராணியாருக்குச் சொல்லும் விலை அமையும்.